ரோமத்துக்கடியில் ஒரு பட்டாணி

நாயின் உடம்பில் கட்டி இருப்பதை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் மருத்துவர் இல்லை, அதைக் குளிப்பாட்டுகிறவர். சோப்பு நுரையோடு விலா வழியாக இறங்கும் விரல் ஓரிடத்தில் தயங்கி நிற்கும். திரும்பத் தடவிப் பார்த்தால் ரோமத்துக்கு அடியில் பட்டாணி அளவில் ஏதோ ஒன்று நழுவும். போன வாரம் அது இருந்ததா? யாருக்கும் நினைவிருக்காது. மாலைக்குள் வீட்டில் தீர்ப்புகள் வந்துவிடும். உண்ணி கடித்த இடம் என்பார் ஒருவர். கொழுப்புக்கட்டி, ஒன்றும் செய்யாது என்பார் நாய் வளர்த்துப் பழகிய பக்கத்து வீட்டுக்காரர். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டால் பழுத்து உடைந்துவிடும் என்பார் பாட்டி. புற்றுநோயாக இருக்குமோ என்று வாய்விட்டுச் சொல்லாமல் பயப்படுபவர்தான் மறுநாள் ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் போகிறவர்.

இந்த நால்வரில் யார் சொல்வதும் சரியாக இருக்கலாம். நாய்களுக்குக் கட்டிகள் மிக அதிகமாக வரும் இடமே தோலும் அதற்குக் கீழுள்ள திசுவும்தான். அவற்றில் பாதிக்கு மேல் உயிருக்கு ஆபத்தில்லாதவை. ஆபத்தான மீதியும் விரலுக்கு ஏறத்தாழ அதே போலத்தான் தட்டுப்படும். முப்பது வருடம் நாய் பார்த்த மருத்துவராக இருந்தாலும், தொட்டுப் பார்த்து மட்டும் சொல்வது ஊகம்தான். அவருடைய ஊகம் நம்முடையதைவிடக் கொஞ்சம் நல்ல ஊகம், அவ்வளவே.

முதலில் கட்டியே இல்லாத கட்டிகளைக் கழித்துவிடலாம். ஆண் நாய்க்கும் முலைக்காம்புகள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. உண்ணி ஒட்டியிருக்கிறது என்று நினைத்து இடுக்கியால் அதைப் பிடுங்கப் பார்த்து, ரத்தம் வந்தபிறகு நாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வருபவர்களை அறியாத கால்நடை மருத்துவர் குறைவு. மார்பெலும்பின் கடைசி நுனி, மெலிந்த நாய்களில் வயிற்றுக்கு மேலே கெட்டியாகத் துருத்திக்கொண்டு தெரியும். கடைசி விலா எலும்பின் முனையும் அப்படியே. குட்டியின் தொப்புளில் மெத்தென்று இருக்கும் புடைப்பு, அழுத்தினால் உள்ளே போய்விட்டால், அது தொப்புள் குடலிறக்கம், கட்டி இல்லை. எந்தச் சந்தேகத்துக்கும் ஒரு எளிய சோதனை, உடம்பின் மறுபக்கத்தில் அதே இடத்தில் அதே போல ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டு பக்கமும் இருந்தால் அது பெரும்பாலும் உடற்கூறு. ஆனால் இந்தச் சோதனைக்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு, அது பிறகு.

அடுத்து, காரணம் கண்ணுக்குத் தெரியும் வீக்கங்கள். ரத்தம் குடித்து ஊதிய உண்ணியை ரோமத்தை விலக்கிப் பார்த்தால் கால்கள் தெரியும். அதைப் பிடுங்கிய இடத்தில் சிறு முடிச்சு சில நாட்கள் தங்கும். தடுப்பூசி போட்ட இடத்தில் எழும் முடிச்சு பொதுவாகச் சில வாரங்களில் கரையும். தெருச்சண்டையில் கடிபட்ட நாய்க்கு இரண்டு மூன்று நாளில் சூடும் வலியுமாகப் புடைப்பது சீழ்க்கட்டி. பல் குத்திய துளை வெளியே மூடிக்கொள்ள, உள்ளே கிருமி பெருகியிருக்கும். இதைக் கீறிச் சீழை எடுத்து, மருந்து கொடுத்தால் தீர்ந்துவிடும். வீட்டில் பிதுக்கினால் சீழ் உள்பக்கமாகப் பரவும். திறந்த புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டால் அது வேறு கதை.

இவை எதுவும் இல்லையென்றால்தான் உண்மையான கேள்வி தொடங்குகிறது. நடுத்தர வயதைத் தாண்டிய, கொஞ்சம் எடை போட்ட லாப்ரடார் என்றால் எல்லாருடைய வாயிலும் முதலில் வருவது கொழுப்புக்கட்டி. அது நியாயமான ஊகம். அந்த இனத்துக்கு அது அத்தனை சகஜம். தோலுக்குக் கீழே மெதுவாக வளரும், மென்மையாக இருக்கும், விரலால் தள்ளினால் நகரும், வலிக்காது. ஒன்று வந்த நாய்க்கு இன்னும் சில வரும். அக்குளில் வளர்ந்து நடையைத் தடுத்தாலொழிய அதை வெட்டி எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. தொல்லை என்னவென்றால் மென்மையாக, நகர்வதாக, வலியில்லாமல் மெதுவாக வளரும் இன்னொன்றும் இருக்கிறது. மென்திசுச் சார்கோமா என்ற புற்று வகை அது. அதன் ஓரம் தெளிவாக இருப்பதாக விரலுக்குத் தோன்றும். உண்மையில் அதன் வேர்கள் சுற்றியுள்ள தசைப்படலத்தில் நுண்ணிய இழைகளாக ஓடியிருக்கும். கொழுப்புக்கட்டி என்று நினைத்து ஒட்டி எடுத்துவிட்டால் அந்த இழைகள் அப்படியே தங்கி, அதே இடத்தில் மறுபடி வளரும். இரண்டாவது அறுவை முதலாவதைவிட எப்போதும் கடினம்.

இந்த வேடதாரிகளில் தலைமை இடம் வேறொன்றுக்கு. 1878இல், 24 வயது மாணவராக இருந்த பால் எர்லிக், சாயங்கள் திசுக்களில் எப்படி ஏறுகின்றன என்பது பற்றிய தன் ஆய்வேட்டில் ஒரு விசித்திரமான செல்லை விவரித்தார். நீலச் சாயம் ஊற்றினால் அதன் உள்ளே நிறைந்திருக்கும் துகள்கள் ஊதாவாக மாறின. பிற்காலத்தில் நோய் எதிர்ப்பியலுக்காக நோபல் பரிசு பெற்ற அதே எர்லிக்தான். அவர் பார்த்தது மாஸ்ட் செல். அதன் துகள்களில் இருப்பது ஹிஸ்டமின், ஹெபாரின், புரதத்தைச் செரிக்கும் நொதிகள். தேனீ கொட்டிய இடம் சிவந்து வீங்குவதற்குக் காரணம் இந்தத் துகள்கள் வெடித்து வெளியேறுவதே. உடம்பின் எல்லைப் பகுதிகளில், குறிப்பாகத் தோலில், இவை காவலிருக்கின்றன. நாயின் தோலில் இந்தக் காவல்காரச் செல்களே கட்டுப்பாடிழந்து பெருகுவதுதான் மாஸ்ட் செல் கட்டி. நாய்களின் தோலில் வரும் புற்றுகளில் மிகச் சகஜமானது இது.

இதற்கென்று ஒரு முகம் கிடையாது. மயிரில்லாத சிவந்த பொட்டாக வரும். மருவாக வரும். ஆறாத புண்ணாக வரும். தோலுக்கு அடியில் மெத்தென்ற உருண்டையாக, அச்சு அசல் கொழுப்புக்கட்டியாக வரும். இதைவிடக் குழப்புவது அதன் நடத்தை. காலையில் பெரிதாக இருந்த கட்டி மாலையில் சுருங்கியிருக்கும். அழுத்திப் பார்த்தால் கால்மணி நேரத்தில் சிவந்து வீங்கும். துகள்களிலிருந்து ஹிஸ்டமின் கசியும்போது அந்த இடம் நீர் கோத்துக்கொள்கிறது, கசிவு நின்றதும் வடிகிறது. வளர்ப்பவர் இதைப் பார்த்து, வற்றுகிறதே, நல்லதுதான் என்று நிம்மதியடைகிறார். உண்மையில் வளர்ந்து வளர்ந்து வற்றுகிற கட்டிதான் மருத்துவரின் புருவத்தை உயர்த்த வேண்டும். ஹிஸ்டமின் ரத்தத்தில் கலந்து இரைப்பைக்குப் போனால் அங்கே அமிலச் சுரப்பு கூடிப் புண்ணாகிறது. விலாவில் ஒரு சின்னக் கட்டி, கூடவே வாந்தி, தார் போல் கறுத்த மலம் என்றால் இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

பாக்ஸர், பாஸ்டன் டெரியர், லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், பக் ஆகிய இனங்களுக்கு இது அதிகம் வருகிறது. பக் என்றவுடன் இந்தியர்களுக்கு நினைவுக்கு வருவது 2003இல் வந்த ஹட்ச் செல்போன் விளம்பரம். சிறுவன் போகுமிடமெல்லாம் பின்னாலேயே போன அந்தச் சுருங்கிய முகத்து நாயைப் பார்த்துவிட்டு எத்தனையோ நகர வீடுகள் பக் குட்டிக்காக அலைந்தன. அந்தக் குட்டிகளோடு கூடவே, மூச்சுத் திணறல் முதல் மாஸ்ட் செல் கட்டி வரை அந்த இனத்தின் மருத்துவச் சரித்திரமும் அந்த வீடுகளுக்குள் வந்தது. விளம்பரம் அதைச் சொல்லவில்லை. நியாயமாகச் சொன்னால், பக் நாய்களுக்கு இந்தக் கட்டிகள் ஒரே சமயத்தில் பல வந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை சாதுவான தரத்தைச் சேர்ந்தவை.

சரி, விரல் பயன்படாது என்றால் எது பயன்படும்? மிக மலிவான ஒன்று. தடுப்பூசி போடப் பயன்படுத்தும் மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, சிரிஞ்சால் லேசாக இழுத்து, ஊசிமுனையில் ஒட்டிய துளியைக் கண்ணாடி ஸ்லைடின் மேல் ஊதித் தேய்ப்பார்கள். மருத்துவர்கள் எஃப்.என்.ஏ.சி. என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். மயக்கமருந்து பெரும்பாலும் வேண்டாம். நாய்க்கு இது தடுப்பூசி போட்டுக்கொள்வதைப் போன்ற தொந்தரவுதான்; மேஜைமேல் ஏற்றி நிற்க வைப்பதுதான் அதைவிடப் பெரிய வேலை. ஸ்லைடு காய்ந்து, சாயம் ஏறி, நுண்ணோக்கியின் கீழ் போகும்போது பாதிக் கேள்விகள் தீர்ந்துவிடும். கொழுப்புக்கட்டியாக இருந்தால் சாயம் ஏற்றுவதற்கு முன்பே தெரியும்: ஸ்லைடில் எண்ணெய்த் துளிகள் மினுங்கிக்கொண்டிருக்கும், எவ்வளவு நேரம் வைத்தாலும் காயாது. மாஸ்ட் செல் என்றால் எர்லிக் கண்ட அதே ஊதாத் துகள்கள் சிதறிக் கிடக்கும். சீழ் என்றால் வெள்ளணுக்களும் கிருமிகளும். சார்கோமா மட்டும் சண்டித்தனம் செய்யும். அதன் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பின்னியிருப்பதால் ஊசிக்கு எளிதில் வராது. அப்போது சிறு துண்டு வெட்டியெடுத்துப் பயாப்சிக்கு அனுப்ப வேண்டியிருக்கும். ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. தோல்கட்டிகளைப் பொறுத்தவரை, குத்தாமல் காலம் கடத்துவதால் வரும் கேடுதான் அதைவிடப் பல மடங்கு பெரிது.

நுண்ணோக்கியும் தெய்வவாக்கு இல்லை. மாஸ்ட் செல் கட்டிகளை மூன்று தரமாகப் பிரிக்கும் முறை 1984 முதல் புழக்கத்தில் இருந்தது. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 95 கட்டிகளின் ஸ்லைடுகளை 28 நோய்க்குறியியல் நிபுணர்களிடம் கொடுத்துத் தரம் பிரிக்கச் சொன்னார்கள். மிக மோசமான மூன்றாம் தரத்தில் அவர்கள் 75 சதவீதம் ஒத்துப்போனார்கள். முதல் இரண்டு தரங்களில் ஒற்றுமை ஏறக்குறைய 63 சதவீதம். அதாவது ஒரே ஸ்லைடை இரண்டு நிபுணர்கள் பார்த்தால் வேறு வேறு பதில் வருவதற்கு நல்ல வாய்ப்பு இருந்தது. அந்த ஆய்வுதான் உயர்தரம், தாழ்தரம் என்ற இரண்டே பிரிவு போதும் என்று முன்வைத்தது. இங்கே உயர்தரம் என்றால் வீரியம் கூடியது என்று பொருள். அந்த இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி கூர்மையானது: வீரியம் கூடியவற்றில் நாய்களின் இடைநிலை ஆயுள் 4 மாதத்துக்கும் குறைவு, தாழ்தரத்தில் 2 வருடத்துக்கும் மேல். தாழ்தரக் கட்டியைச் சுற்றிலும் நல்ல தோலோடு சேர்த்து அகலமாக வெட்டியெடுத்தால் பெரும்பாலும் அத்தோடு கதை முடிகிறது.

இந்த அகலம் என்பதில்தான் காலத்தின் கணக்கு வந்து நிற்கிறது. கட்டியின் குறுக்களவு ஒரு சென்டிமீட்டரிலிருந்து இரண்டாகும்போது பார்ப்பவர் கண்ணுக்கு அது இரு மடங்கு. கன அளவிலோ எட்டு மடங்கு. ஒரு சென்டிமீட்டர்க் கட்டியில் ஏறத்தாழ நூறு கோடி செல்கள் இருக்கும் என்பது புற்றுநோயியலில் பழகிய கணக்கு. ஒரு செல் இரண்டாகி, இரண்டு நான்காகி, அந்த எண்ணிக்கையைத் தொட 30 முறை இரட்டிக்க வேண்டும். இன்னும் 10 முறை இரட்டித்தால் கட்டி ஒரு கிலோ. எனவே பட்டாணி அளவில் விரலுக்குத் தட்டுப்படும்போதே அது தன் பயணத்தில் பெரும்பகுதியைக் கடந்துவிட்டிருக்கிறது. அமெரிக்கப் புற்றுநோய் கால்நடை மருத்துவர் சூ எட்டிங்கர் பரப்பிய விதி இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது: கட்டி ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து, ஒரு மாதமாக அங்கேயே இருந்தால், ஊசி வைத்துப் பார்க்க வேண்டும். முன்னங்கால் மணிக்கட்டில் பட்டாணி அளவுக் கட்டியை அகலமாக வெட்டித் தைத்துவிடலாம். எலுமிச்சை அளவானபின் வெட்டினால் மூடத் தோல் இருக்காது; காலையே எடுக்கலாமா என்ற பேச்சு வரும். அதே விதிக்குள் வளர்ப்பவருக்கும் வேலை இருக்கிறது. கண்ட நாளைக் காலண்டரில் குறிப்பது, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் போட்டோ எடுப்பது, எந்த விலாவுக்கு மேல் எந்தப் பக்கம் என்று எழுதி வைப்பது. பெரிதாகியிருக்கிறதா என்று மருத்துவர் கேட்கும்போது, இருக்கும்போல என்ற பதிலைவிட இது எவ்வளவோ மேல்.

தானே மறையும் கட்டியும் உண்டு என்பது பாட்டியின் கட்சிக்குக் கிடைக்கும் ஒரே ஆதரவு. மூன்று வயதுக்குள் இருக்கும் நாயின் காதிலோ முகத்திலோ காலிலோ சில நாட்களுக்குள் சட்டென முளைக்கும், செக்கச்சிவந்த, வழவழப்பான, சட்டைப் பொத்தான் அளவு கட்டிக்கு ஹிஸ்டியோசைட்டோமா என்று பெயர். வேகமாக வளர்வதால் வளர்ப்பவர் கதிகலங்கிப் போவார். ஆனால் உடம்பின் டி அணுக்கள் அதைக் கண்டுகொண்டு உள்ளே படையெடுக்க, பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் அது புண்ணாகி, உலர்ந்து, காணாமல் போகும். குட்டிகளின் வாயைச் சுற்றி வைரஸால் வரும் மருக்களும் அப்படித்தான். மஞ்சள் தடவியிருந்தாலும் போயிருக்கும், தடவாவிட்டாலும் போயிருக்கும், பெயர் மஞ்சளுக்கு. ஹிஸ்டியோசைட்டோமாவும் மாஸ்ட் செல் கட்டியும் வெளித்தோற்றத்தில் ஒன்றேபோல் இருக்கக்கூடும் என்பதால், காத்திருப்பதற்கும் ஸ்லைடின் அனுமதி வேண்டும்.

பெண் நாய்க்குத் தனியாக ஓரிடம் தடவிப் பார்க்க வேண்டும்: மார்பிலிருந்து தொடையிடுக்கு வரை இரண்டு வரிசையாக ஓடும் ஐந்து ஜோடிப் பால்சுரப்பிகள். கருத்தடை செய்யாத, வயதான பெண் நாய்க்கு அங்கே வரும் முடிச்சுகளில் ஏறக்குறைய பாதி கெட்டவை. 1969இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, முதல் பருவத்துக்கு வருவதற்கு முன்பே கருத்தடை செய்தால் இந்த அபாயம் செய்யாத நாயோடு ஒப்பிட 0.5 சதவீதமாகவும், ஒரு பருவம் கழித்துச் செய்தால் 8 சதவீதமாகவும், இரண்டு கழித்து என்றால் 26 சதவீதமாகவும் இருக்கும் என்று சொன்னது. உலகம் முழுக்க கிளினிக் சுவர்களில் ஏறிவிட்ட எண்கள் இவை. 2012இல் பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டிச் சலித்துப் பார்த்தவர்கள் இந்தச் சான்றின் அடிப்படை பலவீனமானது என்று எழுதினார்கள். கருத்தடையால் பயனே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. இத்தனை துல்லியமான தசமப் புள்ளியை அந்தச் சான்று தாங்காது என்றுதான் அர்த்தம்.

தமிழ்நாட்டுத் தெருக்களில் நாய்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இன்னொரு கட்டி நன்றாகத் தெரியும். பிறப்புறுப்பில் காலிஃபிளவர்போல் பூத்து, சதைச் சிவப்பாய், தொட்டால் ரத்தம் வடியும் ஒன்று. சில நாய்களுக்கு அது மூக்கிலும் வாயிலும் தோலிலும் வரும். இது இணைசேரும்போது பரவும் கட்டி; முகர்வதாலும் நக்குவதாலும்கூடப் பரவும். பரவுவது வைரஸோ பாக்டீரியாவோ இல்லை. புற்றுச் செல்லே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குக் குடிபெயர்கிறது. நோயுற்ற நாயின் சொந்தச் செல்களில் 78 குரோமோசோம்கள் இருக்க, அதன் கட்டியின் செல்களில் 57 முதல் 59 வரைதான் இருக்கும். காரணம், அந்தக் கட்டி அந்த நாயுடையதே அல்ல.

இதை முதலில் சோதித்துக் காட்டியவர் ரஷ்யக் கால்நடை மருத்துவர் ம்ஸ்திஸ்லாவ் நோவின்ஸ்கி. 1876இல் ஒரு நாயின் கட்டியிலிருந்து துணுக்குகளை எடுத்து ஆரோக்கியமான நாயின் உடம்பில் வைத்து வளரச் செய்தார். புற்று ஒன்றை ஓர் உயிரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி நட்ட முதல் வெற்றியாக அறிவியல் வரலாறு அதைக் குறிக்கிறது. அவர் காலத்தில் விளங்காத மீதியை மரபணு வரிசையாக்கம் சொன்னது. கேம்பிரிட்ஜில் எலிசபெத் மர்ச்சிசனின் குழு 2014இல் இந்தக் கட்டியின் முழு மரபணுத் தொகுதியை வெளியிட்டு, எல்லாக் கட்டிகளும் ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே நாயின் வழிவந்தவை என்றது. 43 நாடுகளிலிருந்து 546 கட்டிகளைச் சேகரித்து ஒப்பிட்ட 2019ஆம் ஆண்டு ஆய்வு அந்தக் காலத்தை 4,000 முதல் 8,500 ஆண்டுகள் என்று திருத்தியது. பிறந்த இடம் ஆசியா. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்புதான் அது ஆசியாவை விட்டு வெளியே கிளம்பியிருக்கிறது. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பியர்களின் கப்பல்களில் வந்த நாய்களோடு, அமெரிக்கக் கண்டத்தை எட்டியிருக்கிறது. பெயரில்லாத அந்த ஆசிய நாய் என்றைக்கோ செத்துப் போனது. அதன் உடம்பின் ஒரு பகுதி இன்றும் வேப்பேரியிலும் மதுரையிலும் மெக்சிகோவிலும் உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கிறது.

இத்தனை பழைமையான இந்தப் புற்றுதான் சிகிச்சைக்கு மிக எளிதாகப் பணிகிறது. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படும் வின்கிரிஸ்டின் மருந்தை வாரத்துக்கு ஒருமுறை ரத்தக்குழாயில் செலுத்தினால், நான்கு முதல் ஆறு ஊசிகளில் பெரும்பாலான நாய்களுக்குக் கட்டி கரைந்து மறைகிறது. அறுவை வேண்டாம். பார்க்க அத்தனை கோரமாக இருப்பதால் இனிப் பிழைக்காது என்று விட்டுவிடப்படுகிற தெருநாய்களில் பலவற்றைக் காப்பாற்றுவது மிக எளிது. சிவப்பாய், பெரிதாய், ரத்தம் வடியும் கட்டி குணமாகிவிட, ரோமத்துக்கடியில் வலியில்லாமல் நழுவும் பட்டாணி உயிரை வாங்கலாம் என்பதால், பார்வையை நம்பி யாரும் முடிவெடுக்க முடியாது.

சாவகாசமாக நேரம் வாங்கிப் போகக்கூடாத சந்தர்ப்பங்களும் உண்டு. முகமும் உதடும் நிமிடக் கணக்கில் வீங்கி மூச்சு இழுத்தால் அது ஒவ்வாமை. உடனே கிளம்ப வேண்டும். நாட்கணக்கில் கண்ணெதிரே பெரிதாகும் கட்டி, புண்ணாகி ரத்தம் கசிவது, நாய் ஓயாமல் நக்குவது, வாயோரத்திலோ விரலிடுக்கிலோ நகத்தடியிலோ ஆசனவாயருகிலோ வருவது ஆகியவற்றுக்கு அந்த ஒரு மாதக் கெடு பொருந்தாது. முன்பு சொன்ன விதிவிலக்கும் இங்கேதான் வருகிறது. தாடைக்குக் கீழும், தோளுக்கு முன்னும், பின்னங்கால் முழங்காலுக்குப் பின்னும் இரண்டு பக்கமும் சமமாக, வலியில்லாமல் நெறி கட்டியிருந்தால் அது உடற்கூறு இல்லை. நிணநீர் மண்டலப் புற்றான லிம்ஃபோமாவின் முதல் அடையாளம் பெரும்பாலும் அதுவே.

இந்த இடத்தில் ஒரு சின்ன மாத்திரை பெரிய தீங்கு செய்யும். மருந்துக் கடையில் வீக்கத்துக்கு என்று கேட்டு வாங்கிக் கொடுக்கும் ஸ்டீராய்டு, லிம்ஃபோமாவையும் மாஸ்ட் செல் கட்டியையும் சில நாட்களுக்கு நன்றாகவே சுருக்கும். வீடே சந்தோஷப்படும். சில வாரங்களில் அது திரும்ப வரும்போது ஸ்லைடு குழம்பியிருக்கும். லிம்ஃபோமாவானால், முறையான கீமோ மருந்துகளுக்குச் செல்கள் முன்பு போலப் பணிவதில்லை.

மருந்துகள் பெருகிவருகின்றன. அமெரிக்காவில் நாயின் புற்றுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட முதல் மருந்தான டொசெரனிப் 2009இல் வந்தது. அதன் இலக்கு மாஸ்ட் செல் கட்டி. 2020இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற டிகிலனால் டிக்லேட் இன்னும் விசித்திரமானது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மழைக்காட்டில் வளரும் பிளஷ்வுட் மரத்தின் விதையில் கிடைக்கும் வேதிப்பொருள் அது. கட்டிக்குள்ளேயே நேராகச் செலுத்தினால் கட்டியின் ரத்தக்குழாய்கள் உடைந்து, சில நாட்களில் கட்டி கறுத்து உதிர, அந்த இடத்துக் குழி சில வாரங்களில் ஆறும். 123 நாய்களை வைத்துச் செய்த சோதனையில், ஒரே ஊசிக்குப் பிறகு 28ஆம் நாளில், மருந்து பெற்றவற்றில் 75 சதவீதத்துக்குக் கட்டி முழுதாக மறைந்திருந்தது. மருந்து பெறாதவற்றில் 5 சதவீதம். ஆனாலும் இன்றைக்கும் முதல் ஆயுதம் கத்திதான்.

சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலும் சரி, மாட்டாஸ்பத்திரி என்றே ஊரார் அழைக்கும் கால்நடை மருந்தகத்தின் வழியாக மேல் சிகிச்சைக்குப் போகும் இடத்திலும் சரி, கத்தி வைத்தபிறகு ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. எடுத்த கட்டி எங்கே போகிறது? செலவைப் பார்த்து, எடுத்தாகிவிட்டதே, இனி எதற்குப் பரிசோதனை என்று குப்பைக்கு அனுப்பச் சொல்பவர்கள் உண்டு. வெட்டியெடுத்த துண்டைப் போல பத்து மடங்கு அளவு பத்து சதவீத ஃபார்மலினில் முழுதாக மூழ்க வைத்து, எந்த ஓரம் தலைப்பக்கம் என்று ஒரு தையல் நூலால் அடையாளமிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஓரங்களில் மை தடவி, மெல்லிய சீவல்களாக அறுத்து, மை பட்ட விளிம்பு வரை புற்றுச் செல் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். விளிம்பு சுத்தம் என்று அறிக்கை வந்தால் தையல் பிரிக்கும் நாளோடு வேலை முடிகிறது, அதன்பின் மாதாமாதம் தடவிப் பார்ப்பது மட்டும்தான். சுத்தமில்லை என்று வந்தால், தழும்பு ஆறுவதற்குள் அதே இடத்தில் இன்னும் அகலமாக வெட்ட நாள் குறிப்பார்கள்.